கம்பைலரும் கலப்படக் கருப்பட்டியும்



இந்த வாரம் சாத்தான்குளத்துல இருந்து ஒரு கடிதம். எழுதினவங்க, கம்ப்யூட்டர் சயின்ஸ் ஃபைனல் இயர் படிக்கிற ஒரு தங்கச்சி. அப்படியே தர்றேன், படிங்க...

'அண்ணே, இன்னும் ரெண்டு வாரத்துல எனக்கு புராஜெக்ட் வைவா. சி பிளஸ் பிளஸ்ல பண்றேன். லேப்டாப்ல உபுண்டு 22.04 இருக்கு. புக்ல இருக்கிற மாதிரியே ஃபார்மேட் ஹெடரைப் போட்டு கம்பைல் பண்ணினா, அப்படி ஒரு ஃபைலே இல்லைன்னு எர்ரர் வருது. ஸ்பெல்லிங்கைப் பத்துத் தடவை பாத்துட்டேன். கூடப் படிக்கிற பையன், உன் கம்பைலர் பழசு, என் பென்டிரைவ்ல புது கம்பைலர் இருக்கு, பாஸ்வேர்டை மட்டும் அடி, மிச்சத்தை அதுவே பாத்துக்கிடும்னு சொல்லுதான். போடலாமா அண்ணே?'

படிச்சதும் எனக்கு 'பக்'னு ஆயிடுச்சு. அந்த எர்ரரை நினைச்சு இல்ல... அந்தப் பென்டிரைவை நினைச்சு! தங்கச்சி, இந்தப் பக்கத்தைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் அதைச் சொருகாதீங்க. மத்தவங்களும் கூடவே வாங்க. இன்னிக்கு அவங்களுக்கு வந்த பிரச்னை நாளைக்கு உங்களுக்கும் வரும்.

தப்பு உங்க மேல இல்ல!

முதல்ல அந்த எர்ரர். தங்கச்சியோட கோடிங்ல தப்பே இல்ல. ஃபார்மேட்ங்கிறது சி பிளஸ் பிளஸ் 20 தரத்துல சேர்ந்த வசதி. ஆனா லினக்ஸ்ல நம்மள்ல பெரும்பாலானவங்க பயன்படுத்துற ஜிசிசி கம்பைலருக்குள்ள அது வந்து சேர்ந்தது 13-ம் வெர்ஷன்லதான். அது வெளியானது 2023 ஏப்ரல். உபுண்டு 22.04 வெளியானதோ 2022 ஏப்ரல். அதுல வர்ற ஜிசிசி 11-ம் வெர்ஷன். பொறக்காத பிள்ளையைத் தேடினா எங்கே கிடைக்கும்?

'அப்டேட் கொடுத்தா வந்துடுமே'ன்னு கேப்பீங்க. வராது. உபுண்டு எல்டிஎஸ், டெபியன் மாதிரி சிஸ்டங்கள்ல, ரிலீஸ் அன்னிக்கு எந்த வெர்ஷன் இருந்துதோ அதுலயே நிறுத்தி வெச்சிடுவாங்க. அதுக்கப்புறம் பாதுகாப்பு ஓட்டையை அடைக்கிறது, பெரிய தப்பைத் திருத்துறது, இதுமட்டும்தான் அப்டேட்ல வரும். ஏன்னா அந்த சிஸ்டத்துல இருக்கிற ஆயிரக்கணக்கான பேக்கேஜுங்களும் அந்தக் கம்பைலரை வெச்சுக் கட்டி, ஒண்ணோட ஒண்ணு சேருதான்னு சோதிச்சுப் பாத்தது. நடுவுல ஒரு செங்கல்லை உருவினா சுவரு என்ன ஆகும்? அதான் இந்த ஜாக்கிரதை.

இன்னொரு விஷயம்... பழசுன்னு ரொம்ப வெக்கப்படாதீங்க. நம்ம காலேஜ் லேபுகள்ல எத்தனை பேட்ச் பசங்க டர்போ சி-யோட அந்த நீல ஸ்கிரீன்ல கண்ணு சிவக்க உக்காந்திருக்கோம்! அது 1990-களோட ஆரம்பத்துச் சரக்கு. சி பிளஸ் பிளஸ்ஸுக்கு முதல் ஐஎஸ்ஓ தரம் வந்ததே 1998-லதான். அதோட ஒப்பிட்டா, ஜிசிசி 11 கைக்குழந்தை!

நிஜமாவே புதுசு வேணுமா?

புது கம்பைலர் தேடி வெளியே கிளம்புறதுக்கு முன்னாடி, வீட்டுக்குள்ளயே மூணு இடத்தைத் தேடிப் பாருங்க.

ஒண்ணு, 'கம்பைலர் எக்ஸ்ப்ளோரர்'. மேட் காட்போல்ட்ங்கிறவர் 2012-ல ஆரம்பிச்ச இலவச தளம். உங்க கோடை அதுல ஒட்டிட்டு ஜிசிசி 11, 12, 13-னு வெர்ஷனை மாத்தி மாத்திப் பாக்கலாம். 13-ல ஓடி 12-ல ஓடலைன்னா, வெர்ஷன்தான் வில்லன். எதுலயுமே ஓடலைன்னா... ஹி... ஹி... வில்லன் நீங்கதான். எதையும் இன்ஸ்டால் பண்ணாமலே இது தெரிஞ்சுடும்.

ரெண்டு, சிஸ்டத்தோட சொந்தக் கிடங்கு. இதைத்தான் ரெப்பாசிட்டரின்னு சொல்றோம். உபுண்டு 22.04-ஓட சொந்தக் கிடங்குலயே 11-ம் வெர்ஷனோட 12-ம் வெர்ஷனும் இருக்கு. பலருக்கு அதுவே போதும். தங்கச்சிக்கு 12 போதாது. ஆனா அதே கிடங்குல 'லிப்-எஃப்எம்டி'ன்னு ஒரு லைப்ரரி இருக்கு. சி பிளஸ் பிளஸ் 20-ல வந்த ஃபார்மேட் வசதிக்கு அம்மாவே இந்த லைப்ரரிதான். ஹெடர் பேரையும், கூப்பிடுற பேரையும் கொஞ்சம் மாத்தினா, பழைய கம்பைலர்லயே அதே வேலை நடக்கும். புது கம்பைலரே வேண்டாம்!

மூணு, சிஸ்டத்தையே புதுசாக்குறது. உபுண்டு 24.04-ல ஜிசிசி 13 தானாவே வருது. 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13-ல ஜிசிசி 14. செமஸ்டர் லீவுல பண்ண வேண்டிய வேலை இது. வைவாவுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது தயவுசெஞ்சு தொடாதீங்க!

வெளிக்கடைக்குப் போகும்போது...

மூணும் சரிப்படலை. புது கம்பைலர் வேணும், இந்த சிஸ்டத்துலயே வேணும். அப்போதான் வெளிக்கடை. அதாவது, உங்க சிஸ்டத்தை உருவாக்கினவங்க நடத்தாத ரெப்பாசிட்டரி.

சாத்தான்குளத்துக்காரங்களுக்கு இதை விளக்கவே தேவையில்ல. பக்கத்துலதான் உடன்குடி. கருப்பட்டி வாங்கத் தெரியாத வீடு அந்தப் பக்கம் உண்டா? பதனி காய்ச்சின சுத்தமான கருப்பட்டியும், சீனி கலந்த கருப்பட்டியும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். சிரட்டை அச்சு அதேதான், நிறமும் ஏறக்குறைய அதேதான். அதனால ஆச்சி என்ன பண்ணுவாங்க? கருப்பட்டியைப் பாத்து வாங்க மாட்டாங்க. காய்ச்சுற ஆளைப் பாத்து வாங்குவாங்க! 'யாரு வீட்டுக் கருப்பட்டி?' இதுதான் முதல் கேள்வி.

கம்பைலருக்கும் அதே கேள்விதான். இன்னும் சொல்லப்போனா, இங்கே ஆபத்து அதிகம். கருப்பட்டியை ஒரு தடவை வாங்கினா, வாங்குனதோட முடிஞ்சுது. ஆனா ஒரு ரெப்பாசிட்டரியை சிஸ்டத்துல சேத்துட்டா, பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகும்போது அதுல இருக்கிற ஸ்கிரிப்ட் எல்லாம் ரூட் அதிகாரத்தோட ஓடும். அதாவது உங்க லேப்டாப்ல எதை வேணும்னாலும் செய்யலாம். அடுத்த மாசம் நீங்க சாதாரணமா அப்டேட் கொடுத்தாலும், அந்தக் கடையில இருந்து புதுச் சரக்கு தானா வந்து இறங்கும். வீட்டுச் சாவிக்கு டூப்ளிகேட் போட்டுக் கொடுத்துட்டு வர்ற கதை இது.

'டிஜிட்டல் சிக்னேச்சர் எல்லாம் இருக்கே அண்ணே'ன்னு சில பேரு கேப்பீங்க. நல்ல கேள்வி. அந்தக் கையெழுத்து, சிப்பத்து மேல வைக்கிற முத்திரை மாதிரி. 'இந்தச் சிப்பம் அந்தக் கடையில இருந்துதான் வந்துது, வழியில யாரும் பிரிக்கலை'ங்கிறது வரைக்கும் அது சொல்லும். உள்ளே சீனி கலந்திருக்கான்னு சொல்லாது. அதுக்குக் கடைக்காரரைத்தான் தெரிஞ்சிருக்கணும்.

பென்டிரைவ்ல என்ன பெரிய ஆபத்து?

'சும்மா பயமுறுத்தாதீங்க'ன்னு நினைக்கிறவங்களுக்கு மூணு நிஜக் கதை.

முதல் கதை, சீனா, 2015 செப்டம்பர். ஐபோனுக்கு ஆப் எழுத ஆப்பிள் கொடுக்கிற டூல் எக்ஸ்கோடு. அதுக்குள்ளதான் கம்பைலரும் இருக்கும். சைஸ் சில ஜி.பி. சீனாவுல இருந்து ஆப்பிள் சர்வர்ல டவுன்லோடு பண்ணினா ஆமை வேகம். அதனால பல புரோகிராமர்கள், உள்ளூர்ல பைடு கிளவுட்ல யாரோ ஏத்தி வெச்சிருந்த காப்பியை எடுத்துப் போட்டாங்க. அந்தக் காப்பியில விஷம் கலந்திருந்தது! எக்ஸ்கோடு-கோஸ்ட்னு பேரு. புரோகிராமர் எழுதின கோடு சுத்தம். ஆனா கம்பைல் ஆகும்போது, உளவு பாக்குற கோடும் ஆப்போட சேர்ந்து உள்ளே போயிடுச்சு. வீசாட்டோட ஒரு வெர்ஷன்கூட மாட்டிக்கிச்சு. ஆப்பிள் அந்த ஆப்களைக் கடையில இருந்து தூக்க வேண்டியதாச்சு. கவனிச்சீங்களா? நெட் ஸ்லோ, நண்பர்கிட்ட காப்பி... நம்ம பென்டிரைவ் கதையேதான்!

ரெண்டாவது கதை, 1984. யுனிக்ஸை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கென் தாம்சன், ட்யூரிங் விருது உரையில ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். லாகின் புரோகிராமைக் கம்பைல் பண்ணும்போது கள்ளக்கதவு ஒண்ணை வைக்கிற மாதிரி கம்பைலரை மாத்தலாம். அந்தக் கம்பைலரையே மறுபடி கம்பைல் பண்ணும்போது, அதே தந்திரத்தைப் புது கம்பைலருக்குள்ளயும் அது வெச்சிடும். சோர்ஸ் கோடை எத்தனை தடவை படிச்சாலும் ஒண்ணுமே தெரியாது! கம்பைலர்ங்கிறது மத்த எல்லா புரோகிராமுக்கும் அம்மா. அம்மாவுக்கு வந்த நோய் பிள்ளைங்க எல்லாத்துக்கும் வரும்.

மூணாவது கதை, 2024 மார்ச். இது நல்ல கடையிலயே நடந்தது. லினக்ஸ்ல ஃபைலைச் சுருக்குற எக்ஸ்-இஸட் டூலுக்குள்ள, ரெண்டு வருஷத்துக்கு மேல நல்லவர் மாதிரி பழகின ஒரு ஆள், கள்ளக்கதவு வெச்சுட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்ங்கிற இன்ஜினீயர், ரிமோட் லாகின் வழக்கத்தைவிட அரை செகண்ட் லேட் ஆகுதேன்னு சந்தேகப்பட்டுத் தோண்டி, மார்ச் 29-ம் தேதி உலகத்துக்குச் சொன்னார். அந்த விஷம் டெபியனோட சோதனை வெர்ஷன் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா ஸ்டேபிள் வெர்ஷனுக்கு வரலை. ஏன் தெரியுமா? அதுல இருந்தது பழைய எக்ஸ்-இஸட்! 'என்ன இது, எல்லாமே பழசா இருக்கு'ன்னு நாம அலுத்துக்கிறோமே, அந்தப் பழசுதான் அன்னிக்குக் காப்பாத்துச்சு.

அதுக்காக வெளிக்கடைப் பக்கமே போகக் கூடாதுன்னு சொல்லலை. எப்படிப் போகணும்னுதான் சொல்றேன்.

சரி, எப்படிப் போடுறது?

உபுண்டுக்காரங்களுக்கு 'பிபிஏ'ன்னு ஒரு ஏற்பாடு இருக்கு. உபுண்டுவை நடத்துற கேனானிக்கல் கம்பெனியோட லாஞ்ச்பேட் தளத்துல யார் வேணும்னாலும் கடை போடலாம். நல்ல விஷயம் என்னன்னா, கடைக்காரர் சோர்ஸ் கோடைத்தான் ஏத்த முடியும். அதைக் கம்பைல் பண்றது லாஞ்ச்பேடோட மெஷின். கெட்ட விஷயம், 'யார் வேணும்னாலும்'ங்கிற அந்த ரெண்டு வார்த்தை!

ஜிசிசி-க்குன்னு அங்கே பல வருஷமா இருக்கிற கடை, 'உபுண்டு டூல்செயின் ஆர்' டீமோடது. உபுண்டுவோட கம்பைலர் வேலையைப் பாக்கிற ஆட்களே பராமரிக்கிற கடை. ஆனா கடைப் பேர்லயே 'டெஸ்ட்'னு போட்டிருக்கு, மறந்துடாதீங்க. போற வழி இதோ...

1. முதல்ல முக்கியமான ஃபைலை எல்லாம் வேற இடத்துல காப்பி எடுத்து வைங்க. இதைச் செய்யாம அடுத்த நம்பருக்குப் போகாதீங்க.

2. அந்த பிபிஏ-வோட பக்கத்தைத் திறந்து, உங்க உபுண்டு வெர்ஷனுக்கு ஜிசிசி 13 இருக்கான்னு பாருங்க. கடைப் பேரை எழுத்து எழுத்தாச் சரிபாருங்க.

3. 'ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரி' கமாண்டு மூலமா கடையைச் சேருங்க. கடைக்கான சாவியும் தானா வந்துடும். வேற தளங்கள்ல, பழைய குறிப்புகள்ல 'ஆப்ட்-கீ'ன்னு ஒரு கமாண்டு சொல்லியிருந்தா பயன்படுத்தாதீங்க. அது ஒரு கடையோட சாவியை எல்லாக் கடைக்கும் செல்லுபடியாக்கிடும். அதனாலதான் அதை ஓரங்கட்டிட்டாங்க.

4. லிஸ்ட்டைப் புதுப்பிச்சு, ஜி பிளஸ் பிளஸ் 13 பேக்கேஜை மட்டும் இன்ஸ்டால் பண்ணுங்க. அது என்னென்ன இழுத்துட்டு வருதுன்னு ஸ்கிரீன்ல காட்டும். 'எஸ்' அடிக்கிறதுக்கு முன்னாடி அந்த லிஸ்ட்டைப் படிங்க. எதையாவது ரிமூவ் பண்றேன்னு சொன்னா, நிறுத்திடுங்க.

5. பழைய 11-ஐ அழிக்காதீங்க! ரெண்டும் அடுத்தடுத்த ரூம்ல சண்டையில்லாம இருக்கும். கம்பைல் பண்ணும்போது 13-ஐப் பேர் சொல்லிக் கூப்பிட்டாப் போதும். சிஸ்டம் முழுக்க 13-தான்னு மாத்திட்டா, நாளைக்குக் கெர்னல் அப்டேட் வரும்போது வைஃபை டிரைவர் கம்பைல் ஆகாம மல்லுக்கட்டலாம்.

6. வேலை முடிஞ்சு கடை வேண்டாம்னு தோணினா, 'பிபிஏ-பர்ஜ்'னு ஒரு டூல் இருக்கு. அது கடையையும் மூடி, அங்கிருந்து வந்த பேக்கேஜுகளைப் பழைய வெர்ஷனுக்கே கொண்டுபோயிடும்.

ஒரு எச்சரிக்கை. பிபிஏ உபுண்டுவுக்கு மட்டும்தான். 2011-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு அரசோட இலவச லேப்டாப்கள்ல விண்டோஸோட சேர்த்து பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? சென்னை சி-டாக் உருவாக்கினது. அண்ணன், அக்கா வாங்கின அந்த லேப்டாப்பை இன்னும் சில பேர் ஓட்டிக்கிட்டு இருப்பீங்க. பாஸ் லினக்ஸ், டெபியன் குடும்பம். உபுண்டுவும் டெபியனுக்குப் பிறந்ததுதானேன்னு பிபிஏ-வை அதுல சேர்த்தீங்கன்னா, சிஸ்டம் கந்தலாயிடும். இப்படி ஒட்டுப்போட்டுக் கெட்டுப்போன சிஸ்டத்துக்கு டெபியன்காரங்க வெச்சிருக்கிற பேரு, 'ஃப்ராங்கன்டெபியன்'. கதையில வர்ற பிணத்தை ஒட்டிச் செஞ்ச பூதம் மாதிரி!

வைவா அன்னிக்கு ஒரு பொறி

எல்லாம் சரியா நடந்து, லேப்டாப்ல புராஜெக்ட் சும்மா சூப்பரா ஓடுதுன்னு வைங்க. வைவா அன்னிக்கு, கம்பைல் பண்ண ஃபைலைக் காலேஜ் லேப் மெஷின்ல காப்பி பண்ணி ஓட்டுறீங்க. 'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.32 இல்லை'ன்னு ஒரு எர்ரர். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கண்ணாடியைக் கழட்டுறார். உங்களுக்கு வேர்க்குது...

என்ன ஆச்சு? புது கம்பைலர் கட்டின புரோகிராம், ஓடும்போது புது லைப்ரரியைத் தேடும். உங்க லேப்டாப்ல பிபிஏ சேர்த்தப்போ அந்த லைப்ரரியும் சத்தமில்லாம புதுசாயிடுச்சு. லேப் மெஷின்ல பழசுதான் இருக்கு. இதுக்கு வழி, கம்பைல் பண்ணும்போது 'ஸ்டாட்டிக்-லிப்-எஸ்டிடி-சி-பிளஸ்-பிளஸ்' ஆப்ஷனைப் போடுறது. லைப்ரரி புரோகிராமுக்குள்ளயே வந்துடும். ஊருக்குப் போகும்போது கட்டுச்சோறு கட்டிக்கிற மாதிரி! ரெட் ஹேட் கம்பெனி, தன்னோட பழைய சிஸ்டங்களுக்குப் புது ஜிசிசி கொடுக்க 'டெவலப்பர் டூல்செட்'னு ஒண்ணை வெளியிட்டபோது, இந்தத் தொல்லையை முன்னாடியே யோசிச்சு, புது லைப்ரரியில இருக்கிற புதுப் பகுதியை மட்டும் புரோகிராமுக்குள்ள தானா சேர்க்கிற மாதிரி செஞ்சிருந்தாங்க. கம்பைலரையும் தனியா ஒரு ஃபோல்டர்ல வெச்சாங்க. பழசைத் தொடாம புதுசைக் கொடுக்கிற வித்தை அது.

எந்த வழியில போனாலும், வைவாவுக்கு ரெண்டு நாள் முன்னாடியே லேப் மெஷின்ல ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்க. இது கம்பைலர் பாடம் இல்ல, வாழ்க்கைப் பாடம்!

சாத்தான்குளம் தங்கச்சிக்கு...

என் பதில் இதுதாம்மா. வைவா வரைக்கும் பழைய கம்பைலரே இருக்கட்டும். சிஸ்டத்தோட சொந்தக் கிடங்குல இருக்கிற லிப்-எஃப்எம்டி-யைப் போட்டு, 'ஹெடர் ஒன்லி' முறையில கம்பைல் பண்ணுங்க. தனியா எந்த லைப்ரரியையும் லேப்ல தேட வேண்டியதில்ல. எக்ஸாமினர், 'ஏன் ஸ்டாண்டர்டு ஃபார்மேட் போடலை?'ன்னு கேட்டா, 'சார், ஜிசிசி 13-லதான் அது வருது, இதுல 11 இருக்கு, அதனால இந்த லைப்ரரி'ன்னு தைரியமாச் சொல்லுங்க. காப்பியடிச்சு ஓட்டினவங்களால சொல்ல முடியாத பதில் அது. வைவா முடிஞ்சதும் ஒரு ஞாயித்துக்கிழமை, மேல சொன்ன ஆறு படியையும் பாத்து ஜிசிசி 13-ஐப் போடுங்க. தமிழ்லயே கத்துக்கணும்னா ஐஐடி பாம்பேயோட 'ஸ்போகன் டுட்டோரியல்' வீடியோக்கள் இருக்கு. 2012-ல ஆரம்பிச்ச 'கணியம்' மின்னிதழ்லயும் லினக்ஸ் பத்தித் தமிழ்ல நிறைய எழுதியிருக்காங்க.

அந்தப் பென்டிரைவ் பையனைத் திட்டாதீங்க. அவன் உதவி பண்ணத்தான் வந்தான். ஆனா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'இது யாருகிட்ட இருந்து வந்துது?' அவனுக்குப் பதில் தெரியலைன்னா, அவன் லேப்டாப்புக்கும் சேர்த்துத்தான் நாம கவலைப்படணும். இந்தப் பக்கத்தை அவன்கிட்டயும் காட்டுங்க.

சாத்தான்குளத்துக்குப் பக்கத்துல, குலசேகரப்பட்டினத்துல இஸ்ரோவோட ரெண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ம் தேதி அடிக்கல் நாட்டினாங்க. நாளைக்கு அங்கேயோ, ஒரு ஆஸ்பத்திரியிலயோ, ஒரு பேங்க்லயோ நீங்க எழுதின புரோகிராம் ஓடலாம். அன்னிக்கு உங்க கோடைப் பாத்து மட்டும் யாரும் நம்ப மாட்டாங்க. எந்தக் கம்பைலர், எந்த வெர்ஷன், எங்கிருந்து எடுத்தீங்கன்னு கேப்பாங்க. அந்தப் பழக்கத்தை இன்னிக்கே, வைவா புராஜெக்ட்லயே ஆரம்பிச்சா என்ன?

இந்த வார ஹோம்வொர்க்: உபுண்டு வெச்சிருக்கிறவங்க 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்'ல 'அதர் சாஃப்ட்வேர்' பகுதியைத் திறங்க. அங்கே எத்தனை கடை இருக்கு? அதுல எத்தனை கடைக்காரரை உங்களுக்குத் தெரியும்? தெரியாத கடைக்குப் பக்கத்துல இருக்கிற டிக்கை எடுத்துடுங்க.

எடுத்தாச்சா? சரி, கருப்பட்டிக் காபி ஒண்ணு போட்டுக் குடிச்சுட்டுப் படிங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!